சால்வை போர்த்திய நேரம்

சாதிக் பாய் அந்த உடைந்த துண்டை ஒரு சால்வையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

நான் வேலை செய்யும் சோதனைக்கூடத்துக்கு உலோகத் துண்டுகள் பலவிதமாக வரும். சாக்குப்பையில் வரும். பனியன் கழிவுத் துணியில் சுற்றி வரும். டிபன் பாக்ஸில்கூட வந்திருக்கிறது. சால்வையில் வந்தது அதுதான் முதல் முறை. அரக்கு நிறம், இரண்டு பக்கமும் சரிகை. என் மேஜைமேல் வைத்து, குழந்தைக்குப் போர்த்தியதை விலக்குவது போல மெதுவாகப் பிரித்தார். உள்ளே பாதி இம்பெல்லர் இருந்தது. பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற சக்கரம் அது. உடைந்த ஓரம் சரிகையைக் கிழித்திருந்தது.

"வண்டியில வேற துணி இல்லீங்க அம்மணி," என்றார்.

அந்தச் சால்வையை எனக்குத் தெரியும். சில வாரங்களுக்கு முன்னால் என் தாய்மாமன் அதை அவர் தோளில் போர்த்தினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அதே அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்த இன்னொன்று என் தோளிலும் விழுந்தது.

"லேத்துல மாட்டறப்போ கை நழுவிருச்சுங்க. இடுப்பு ஒயரங்கூட இல்ல. ஸ்டீலு விழுந்தா தரைதான் பேந்துபோகோணும். இது டீ கிளாசாட்டம் ரெண்டாப் போச்சு. சந்தேகத்துக்கு இன்னொண்ணையும் தட்டிப் பாத்தேன். அதுவும் போச்சு."

நான் மாதிரிக்கு எண் போடப் பேனாவை எடுத்தேன்.

"உங்க மாமாகிட்ட நேத்தே போயி மன்னிப்புக் கேட்டுப்போட்டு வந்துட்டேனுங்க," என்றார்.

"நீங்களா? எதுக்குங்க பாய்?"

"அவரோட புது பர்னஸுக்கு மொத போணி என்ற சரக்கு. அது இப்படி ஆயிப்போச்சுன்னா அவருக்கு மனசு சங்கடமா இருக்காதுங்களா? தப்பு ஊத்துனதுலதான். என்ற தம்பி யூசுப்புதான் உருக்கறான். ரெண்டு வார்த்தை நல்லாக் கேட்டுப்போட்டேன் அவனை. இப்பப் பேச்சுவார்த்தை இல்லீங்க. ஒரே பட்டறையில ஆளுக்கொரு பக்கம் திரும்பி நிக்கறோம்."

"மாமா என்ன சொன்னாருங்க?"

"பெரிய மனுசனுங்க. 'உடுங்க பாய், எல்லாருக்கும் நடக்கறதுதான்'னு சொல்லி டீ வாங்கிக் குடுத்தாரு."

என் காது இரண்டும் சுட்டன. குனிந்து எண்ணை எழுதினேன். எழுதிய எண்ணை அடித்துவிட்டுத் திரும்பவும் எழுதினேன்.

இரண்டு குணம், ஒரே உடம்பு

இந்தத் தொடரைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் கோயம்புத்தூர்க்காரர்கள். அவர்களுக்குப் பம்பைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம்.

எவர்சில்வர் எல்லாம் ஒன்றல்ல. சாதாரணச் சமையலறை எவர்சில்வரைக் கடல் தண்ணீரில் போட்டால், வெளியே பளபளப்பு இருக்கும்போதே ஊசி குத்தியது போல் புள்ளிப் புள்ளியாக அரித்துவிடும். உப்புநீருக்கென்றே ஒரு வகை இருக்கிறது. அதன் பெயர் டூப்ளெக்ஸ். நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டு விதமான பரல்கள் பாதிக்குப் பாதி கலந்திருக்கும். ஒன்று ஃபெரைட், வலுவானது, காந்தத்தில் ஒட்டும். இன்னொன்று ஆஸ்டினைட், வளைந்துகொடுக்கும், காந்தத்தைக் கண்டுகொள்ளாது. இரண்டும் சேர்ந்து இருக்கும்வரை அதை உடைப்பது கஷ்டம், அரிப்பது அதைவிடக் கஷ்டம்.

அந்தப் பாதிக்குப் பாதியைக் கொண்டுவருவது சூடுதான். வார்த்தெடுத்த பொருளை உலையில் வைத்து, ஆயிரத்து நூறு டிகிரிக்குப் பக்கத்தில் நன்றாக ஊறவிட வேண்டும். பிறகு கதவைத் திறந்ததும் தண்ணீரில் இறக்கிவிட வேண்டும். உடனே. இந்த 'உடனே'வில்தான் எல்லாம் இருக்கிறது. ஆயிரத்துக்கும் அறுநூறுக்கும் நடுவே அது சாவகாசமாக ஆறினால், சிக்மா என்று ஒரு மூன்றாவது ஆள் உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். ஃபெரைட்டைத் தின்று வளரும். கடினமானது, ஆனால் கண்ணாடிச் சாதி. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. நிறம் அதே, எடை அதே. கீழே விழுகிற அன்றுதான் தெரியும்.

இதை என் மாமாவுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். அவர் அதை என்னைவிட நன்றாகச் சொல்வார். "கதவு தொறந்தா மூச்சு உடறதுக்குள்ள தண்ணிக்குள்ள போயிரோணும். இல்லைன்னா சிக்மா வந்து குந்திக்கும்," என்று, வருகிற ஆட்களுக்கெல்லாம் கையை ஆட்டி விளக்குவார். ஏதோ பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றிப் புகார் சொல்வது போல இருக்கும்.

அதாவது, தெரியாமல் நடந்ததல்ல. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத இடம்.

துடியலூர் ஷெட்

மாமா முதலில் விவசாயத்தில் இருந்தார். பிறகு மோட்டார் உதிரிபாகம். பிறகு துடியலூரில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு ஷெட் போட்டுப் பல்சக்கரங்களைக் கடினப்படுத்தும் வேலை. அவர் ஒவ்வொன்றிலிருந்து ஒவ்வொன்றுக்கும் மாறியபோது என் அம்மா ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னாள்: "என்ற தம்பிக்கு ஒரு எடத்துல உக்கார முடியாது."

நான் உலோகவியல் படிக்கப் போனபோது வீட்டில் அத்தனை பேரும் கம்ப்யூட்டர் எடுக்கச் சொன்னார்கள். மாமா ஒருவர்தான் என் பக்கம். "இரும்பு படிக்கற பொண்ணு நம்ம ஊட்டுல ஒண்ணு இருக்கட்டுமே," என்றார். கல்லூரியில் சேர அவர்தான் வண்டியில் கூட்டிப்போனார். முதல் வருட விடுமுறையில் அவருடைய ஷெட்டில்தான் உலைக்குப் பக்கத்தில் முதன்முதலாக நின்றேன். புருவம் கருகியது. அத்தை கற்றாழை தடவிவிட்டார்.

துருப்பிடிக்காத எஃகுக்கென்று பெரிய உலை ஒன்று போடப்போகிறேன் என்று மாமா சொன்னபோது, அவரைவிட எனக்குத்தான் சந்தோஷம். கதவு எந்தப் பக்கம், தொட்டி எவ்வளவு தள்ளி, கிரேன் எந்த வேகத்தில் என்று வரைந்துகொடுத்தேன். வேகமான கிரேன் வேண்டும் என்று நான்தான் அடம்பிடித்தேன். இந்தக் கிரேனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வேலை சாதிக் பாயிடமிருந்து வந்தது. கரும்புக்கடை என்கிற பகுதியில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தும் சிறிய பவுண்டரி, அதாவது வார்ப்புப் பட்டறை. தலைமுறையாக வெண்கலம், பித்தளை இம்பெல்லர் ஊற்றுகிறவர்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்றுக்குப் பம்பு செய்கிற கம்பெனி, முதல் தடவையாக டூப்ளெக்ஸ் இம்பெல்லர் கேட்டிருந்தது. அதிலும் சிக்மா சீக்கிரம் வந்துவிடுகிற உயர்ரகம். இந்த ஒரு ஆர்டர் சரியாகப் போனால், பித்தளையை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம் என்பது சாதிக் பாயின் கணக்கு.

பெரியவங்க நிக்கறாங்க

திறப்புவிழா அன்று காலையிலேயே ஒறம்பரைகள் வந்துவிட்டார்கள். எங்கள் பக்கம் சொந்தக்காரர்களை அப்படித்தான் சொல்வோம். தொண்டாமுத்தூரிலிருந்து மட்டும் ஒரு வேன். முந்தைய இரவு யானை தோப்புக்குள் வந்து எத்தனை தென்னங்கன்றைப் பிடுங்கியது என்பதைப் பற்றி இறங்கும்போதே சண்டை. ஷெட்டில் வாழைமரம், மாவிலை, சாம்பிராணி. உலைக் கதவில் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்திருந்தார்கள். சூட்டில் அது கறுத்துப்போயிருந்தது. வாசலில் பூசணிக்காய் உடைத்தாயிற்று.

உள்ளே கூடையில் இம்பெல்லர்கள் ஊறிக்கொண்டிருந்தன.

நேரம் ஆனதும் கதவு மேலே போனது. வெளியே வந்த கூடை பழுத்த பப்பாளி நிறத்தில் இருந்தது. எல்லாரும் ஒரே குரலில் 'ஆ' என்றார்கள். அழகாகத்தான் இருக்கும். பார்த்துப் பழகிய எனக்கே ஒவ்வொரு தடவையும் கண்ணை எடுக்க வராது. கிரேன் கூடையைத் தூக்கியது. தொட்டிக்கு நாலு எட்டு.

"சார், அப்படியே நிறுத்துங்க!" என்றார் போட்டோகிராபர். "பின்னாடி செகப்பு சூப்பரா விழுகுது. சால்வையை இங்கயே போத்திரலாம்."

மாமா கையை உயர்த்தினார். கிரேன் நின்றது.

எங்கள் ஊரில் வந்தவரைக் கவனிக்காமல் விடுவது போலக் குற்றம் வேறில்லை. முதல் வாடிக்கையாளருக்கு முதல் சால்வை. சாதிக் பாய் வேண்டாம் வேண்டாம் என்று பின்வாங்க, இரண்டுபேர் அவரைப் பிடித்து முன்னே தள்ளினார்கள். போர்த்தி, கைகுலுக்கி, போட்டோவுக்குத் திரும்பி, கண் மூடிவிட்டதால் இன்னொரு தடவை.

"மாமா, மொதல்ல தண்ணிக்குள்ள எறக்கிரலாமுங்க," என்றேன்.

"ஒரு நிமிசம் கண்ணு. அடுத்து நீதான். இரும்பு படிச்ச புள்ள!"

என்னை இழுத்து நிறுத்தினார்கள். என் முதுகில் சூடு அடித்தது. அது குறைந்துகொண்டே வருவது முதுகுக்கே தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். பப்பாளி போய்க் குங்குமம் வந்திருந்தது.

"மாமா, நெறம் மாறுதுங்க!" என்றேன். கத்தித்தான் சொன்னேன். நாதஸ்வர கேசட்டைத் தாண்டிக் கேட்டது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள்.

மாமா கூடையைப் பார்த்தார். பிறகு வரிசையாக நின்ற வேட்டிகளைப் பார்த்தார்.

"பெரியவங்க நிக்கறாங்க கண்ணு," என்றார்.

அத்தை என் தோளில் சால்வையின் சரிகை வெளியே தெரிகிற மாதிரி இழுத்துவிட்டார். அடுத்து உலை கட்டியவர். அடுத்து சங்கத்துப் பெரியவர். முடிந்தது என்று நினைத்தபோது அத்தையின் சித்தப்பாவுக்குச் சால்வை இல்லை என்று தெரிந்தது. அவர் அதற்குள் வெற்றிலைத் தட்டின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வண்டியிலிருந்து இன்னொன்று எடுத்துவர ஓடினார்கள்.

கடைசியில் கூடை தண்ணீருக்குள் போனபோது அது செங்கல் நிறத்தில் இருந்தது. தொட்டியிலிருந்து பெரிய சத்தம் எழவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். சாதிக் பாயும் தட்டினார்; சால்வை நழுவாமலிருக்க முழங்கையை இடுப்போடு அணைத்துக்கொண்டு தட்டினார்.

அன்று மாலை மாமாவிடம் அந்தக் கூடையை இன்னொரு தடவை உலையில் வைக்கச் சொன்னேன். பார்க்கலாம் என்றார். மறுநாள் காலை நான் போன் செய்தபோது சரக்கு கரும்புக்கடைக்குப் போய்விட்டிருந்தது. "ஒண்ணும் ஆகாது கண்ணு, கெட்டி சாமான்," என்றார்.

(இதை எழுதப்போகிறேன் என்று போன மாதம் வீட்டில் சொன்னேன். பெயர் போடாதே என்றார் மாமா. "சித்தப்பன் பேரை மட்டும் போடு" என்றார் அத்தை. போடவில்லை.)

நீலத்துக்கு நடுவே

சோதனைக்கூடத்தில் முதலில் மேலாளரிடம் உறவைச் சொன்னேன். செய்யலாம், ஆனால் இன்னொருவரும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்றார். அதுவே எனக்கும் நல்லது.

துண்டை அறுத்தேன். தேய்த்து, கண்ணாடி போலப் பளபளப்பாக்கி, காஸ்டிக் சோடாக் கரைசலில் வைத்து மின்சாரம் விட்டேன். நுண்ணோக்கியில் வைத்தபோது ஆஸ்டினைட் வெள்ளைத் தீவுகளாக இருந்தது. ஃபெரைட் நீலமாக இருக்க வேண்டும். நீலம் கொஞ்சம்தான் இருந்தது. தீவுகளின் கரையோரம் முழுக்க, காபிக்கறை போலச் செம்பழுப்பு. சிக்மா.

ஊற்றியதில் தவறு இருக்குமோ என்று கலவையைச் சோதித்தேன். ஒவ்வொரு தனிமமும் இருக்க வேண்டிய அளவில் இருந்தது. சொல்லப்போனால், யூசுப் உருக்கியது பெரிய பவுண்டரிகளிலிருந்து எங்களுக்கு வருவதைவிடச் சுத்தமாக இருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நான் மனதில் போட்டிருந்த சோதனைப் பட்டியல் முடியவில்லை. அதே துண்டிலிருந்து இரண்டு சிறிய கட்டைகள் அறுத்தேன். ஒன்றை அப்படியே வைத்தேன். இன்னொன்றை எங்கள் சின்ன மின் உலையில் முழுச் சூட்டுக்குக் கொண்டுபோய், இடுக்கியால் எடுத்து அந்த நொடியே வாளித் தண்ணீரில் போட்டேன். டூப்ளெக்ஸின் பெரிய குணம் இது: சிக்மா வந்துவிட்டாலும் திரும்பவும் நன்றாகச் சூடாக்கினால் கரைந்து போய்விடும். வேகமாக ஆற்றினால் பழைய பாதிக்குப் பாதி திரும்பிவிடும்.

இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக, ஊஞ்சல் போல ஆடிவந்து அடிக்கும் ஊசல் சம்மட்டியின் வழியில் வைத்தேன். முதலாவதை அடித்தபோது 'டிக்' என்று ஒரு சத்தம். நடுவே எதுவுமே இல்லாதது போலச் சம்மட்டி மறுபக்கம் உயரப் போய்விட்டது. இரண்டாவதில் 'தொம்' என்று நின்றது. கட்டை வளைந்தது. ஒடியவில்லை.

சாதிக் பாய்க்குப் போன் செய்தேன். உங்கள் மாதிரியைப் பற்றி மாமாவிடம் பேசலாமா என்று கேட்டேன்.

"தாராளமாப் பேசுங்க அம்மணி. அவரை வெசனப்பட வேண்டாம்னு சொல்லுங்க. நாளைக்குத் திங்கக்கெழமை பம்பு கம்பெனிக்காரங்ககிட்ட, இந்த வேலை எங்களால ஆகாதுங்கன்னு சொல்லிரலாம்னு இருக்கேன். பித்தளையே போதும் நமக்கு."

"நாளைக்கு நான் வர்ற வரைக்கும் சொல்லாதீங்க பாய்," என்றேன். போனை வைத்த பிறகு, கட்டைகள் இரண்டையும் கைப்பையில் போட்டுக்கொண்டு துடியலூருக்குக் கிளம்பினேன்.

சாப்பாட்டு மேஜையில்

பஸ்ஸில் போகும்போது மாமாவிடம் சொல்ல வேண்டியவற்றை மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். கலவை சரி. வார்ப்பு சரி. ஆறிய விதம் சரியில்லை. பாய் ஆர்டரை விடப்போகிறார். தம்பியோடு பேச்சில்லை. உங்களிடம் மன்னிப்புக் கேட்டார், நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். கடைசியதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு ஸ்டாப் தாண்டி இறங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை. மாமா சாப்பிட உட்கார்ந்திருந்தார். "வா கண்ணு, கை களுவு," என்றார். நான் இலைக்குப் பக்கத்தில் இரண்டு கட்டைகளையும் வைத்தேன். ஒன்று ஒடிந்தது, ஒன்று வளைந்தது.

"ரெண்டும் ஒரே இம்பெல்லர் மாமா. வளைஞ்சது நான் திருப்பிச் சூடு பண்ணி உடனே தண்ணியில போட்டது."

பஸ்ஸில் போட்ட பட்டியல் தேவைப்படவில்லை. ஒடிந்த துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். சாம்பார்க் கை என்பதை மறந்துவிட்டார்.

"அப்ப இன்னொருக்கா போட்டா சரியாயிருமல்ல?"

"ஆயிருமுங்க."

"பொறவு என்ன? கூலி வேண்டாம்னு சொல்லிப் போட்டுக் குடுத்தர்றேன். பாய் சந்தோசப்படுவாரு."

"அவரு சந்தோசப்படுவாரு மாமா. அதுதாங்க எனக்குத் தாங்கல."

சமையலறையிலிருந்து அத்தை பேசினார். "அன்னிக்கே இந்தப் புள்ள தலைபாடா அடிச்சுது. கேட்டாத்தானே?"

"நீ பேசாத. சித்தப்பனுக்குச் சால்வை இல்லைன்னு மூஞ்சியத் தூக்கினது ஆரு?"

"ஆமா! எங்க சித்தப்பன் சால்வைதான் உங்க ஸ்டீல ஒடச்சுதாக்கும்! நாலு பேருக்குப் போத்திப்போட்டு அஞ்சாவது ஆள் மேல பழி!"

மற்ற நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன். மாமா இலையை மூடினார். பாதிச் சோறு உள்ளே இருந்தது. "நாளைக்குப் போலாம். நீயும் வா," என்றார்.

கரும்புக்கடையில் டீ

பவுண்டரிக்குள் மணல் வாசம். சாதிக் பாய் ஒரு பக்கம், யூசுப் இன்னொரு பக்கம். யூசுப் முப்பது வயதுக்காரர், ஒல்லி, அச்சுப்பெட்டியில் மணலைத் தட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து "வாங்க" என்றார், கையை நிறுத்தவில்லை. "ஆராச்சும் டீ சொல்லுங்கப்பா," என்றார் சாதிக் பாய், கூரையைப் பார்த்து. ஆராச்சும் என்று அங்கே இருந்தது யூசுப் மட்டும்தான். அவர் கையைத் துடைத்துக்கொண்டு போனார்.

டீ வந்தது. மாமா கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"பாய், நீங்க ஊத்துனதுல தப்பு இல்லீங்க. பாப்பா டெஸ்ட் பண்ணிப் பாத்துருச்சு. தப்பு எங்க பக்கந்தான்."

சாதிக் பாய் கிளாஸைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு..." என்றார் மாமா. "அன்னிக்குக் கிரேன் சித்த மெதுவாப் போயிருச்சுங்க. புதுசு பாருங்க. அதுல ஆறிப்போச்சு. திருப்பிப் போட்டுக் குடுத்தர்றேன், சரியாயிரும்."

நான் டீயைப் பார்த்தேன். மேலே ஆடை கட்டியிருந்தது. என் மாமாவை அடுத்தவர் முன்னால் பொய்யராக்க எனக்கு வாய் வரவில்லை, வராததும் கூசியது.

"அட, மெசினுன்னா என்னங்க பண்ண முடியும்!" என்றார் சாதிக் பாய். முகம் முழுக்க நிம்மதி. எழுந்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவரைத் தேற்றினார். "இதுக்குப்போயி இவ்வளவு தூரம் வந்தீங்களா? ஒரு போன் பண்ணியிருந்தாப் போதுமே." பிறகு குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "டேய் யூசுப்பு. கேட்டியா? உன்ற மேல தப்பு இல்லையாம்."

"அது எனக்கு அன்னிக்கே தெரியுமே," என்றார் யூசுப். சொல்லிவிட்டு அண்ணனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

வெளக்கு வேண்டாம்

இரண்டாம் முறை உலை திறந்தபோது வாழைமரம் இல்லை, கேசட் இல்லை. நாங்கள் நாலு பேரும் ஷெட்டின் ஆட்களும்தான். முழு இம்பெல்லர்களோடு, சால்வையில் வந்து, நான் அறுத்தது போக மிஞ்சிய அந்தப் பாதித்துண்டையும் கூடையில் வைத்திருந்தோம்.

கதவு மேலே போனது. பப்பாளி நிறம் வெளியே வந்தது. கிரேன் தூக்கியது, நகர்ந்தது, இறக்கியது. நான் கண்ணிமைக்கவில்லை, ஆனாலும் நடுவில் நிறம் மாறியதைப் பார்க்க முடியவில்லை. தொட்டி உறுமியது. ஷெட் முழுக்க ஆவி. தகரக் கூரை அதிர்ந்தது.

சத்தம் அடங்க நேரமானது. அடங்கியதும் யூசுப் அண்ணாந்து பார்த்தார்.

"ஏனுங்க," என்றார் மாமாவிடம், "கிரேன் நல்லாத்தானுங்களே ஓடுது?"



"ரிப்பேர் பண்ணியிருப்பாருடா," என்றார் சாதிக் பாய் அவசரமாக. "இல்லீங்களாண்ணா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். தப்பிக்கும் கதவைச் சாதிக் பாயே திறந்து, பிடித்துக்கொண்டு நின்றார். மாமா அதன் வழியாகப் போய்விடுவார் என்றுதான் நான் நினைத்தேன்.

"இல்லீங்க பாய்," என்றார் மாமா. "கிரேன் அன்னிக்கும் இப்படித்தான் ஓடுச்சு. நாந்தான் நிறுத்தி வச்சேன். சால்வை போத்தறதுக்கு. இந்தப் புள்ள ரெண்டு தடவை சொல்லுச்சு. காதுல உழுந்துச்சு. ஒறம்பரை முன்னால எறக்கிப்போட்டா மரியாதை போயிருமேன்னு நின்னேன். பொறவு நீங்க வந்து மன்னிப்புக் கேட்டீங்க. அப்பவும் பேசாம டீ வாங்கிக் குடுத்தேன்."

சாதிக் பாயின் கை தானாகத் தன் தோளுக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை.

"நானும்தானுங்க சிரிச்சுட்டு நின்னேன்," என்றார். சொன்னது மாமாவிடம், பார்த்தது தம்பியை. என் மாமாவின் வாயிலிருந்து இறங்கிய சுமை இப்போது சாதிக் பாயின் முகத்தில் உட்கார்ந்திருந்தது. இவரைக் கௌரவிக்கத்தான் கூடையை நிறுத்தினார்கள். அதற்காகத் தம்பியைத் திட்டியது இவர்.

யூசுப் தண்ணீரிலிருந்து ஏறிய கூடையிலிருந்து பாதித்துண்டை எடுத்துப் பட்டறைக்கல்லில் வைத்து ஓங்கி ஓர் அடி அடித்தார். ஓரம் நசுங்கியது. இன்னொன்று. வளைந்தது. சுத்தியலை அண்ணனிடம் நீட்டினார். "நீங்களும் ஒண்ணு போடுங்கண்ணே. சத்தம் நல்லா இருக்கு."

சாதிக் பாய் வாங்கிக்கொண்டார். அடிக்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"சால்வை எங்கீங்க அம்மணி?" என்றார் யூசுப் என்னிடம். "ஊட்டுல கேட்டாங்க."

"எங்கிட்டத்தானுங்க இருக்கு. கிழிஞ்சிருச்சு."

"இருக்கட்டும், குடுங்க. பாத்திரம் எறக்கறதுக்கு ஆகும்."

மாமா சிரிக்க முயன்றார். அவர் இதைச் சொல்ல வேண்டும் என்று நான் எத்தனையோ நாளாக மனதுக்குள் மல்லுக்கட்டியிருந்தேன். சொன்னபோது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. தொட்டித் தண்ணீரைத்தான் பார்த்தேன். என்னைக் கல்லூரிக்குக் கூட்டிப்போனவர், தன்னில் பாதி வயதுக்காரனிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்படி, கட்டைகளை இலைக்குப் பக்கத்தில் வைத்தது நான். வைத்தது சரிதான். இருந்தாலும் நிமிர முடியவில்லை.

அவர்கள் போன பிறகு ஆபீஸ் அறைக்குப் போனோம். திறப்புவிழாப் படம் அங்கே பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. நடுவில் நான், தோளில் சரிகை, ஒரு பக்கம் மாமா, ஒரு பக்கம் சாதிக் பாய். பின்னால் கூடை. படத்தைச் சுற்றி மாமா சீரியல் பல்பு ஓடவிட்டிருந்தார். சிவப்பும் பச்சையுமாக எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

மாமா ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். கழற்றப்போகிறார் என்று கீழே கைநீட்டி நின்றேன்.

அவர் சுவிட்சை மட்டும் அணைத்தார்.

"படம் இருக்கட்டும் கண்ணு," என்றார். "வெளக்கு வேண்டாம்."

பல்பு நின்றதும்தான் பின்னாலிருந்த கூடையின் நிறம் சரியாகத் தெரிந்தது: பப்பாளி அல்ல, குங்குமம். மாமா ஸ்டூலிலிருந்து இறங்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.